நெடுநாள் உழைக்கும் வண்டி இஞ்சின்கள்

மோட்டார் வண்டிகளில் பற்றுள்ளவர்கள் எங்கே ஒன்றுகூடினாலும், தாம் வைத்திருந்த இஞ்சின்களுள் எது மிகுந்த வலிமையுடையது, எது மிகுந்த நாள் உழைத்தது என்ற வாதம் எழாமல் இராது. வலிமை மட்டும் வேண்டுமென்றால் பந்தய வண்டிகளைக் காட்டலாம். ஆயுள் மட்டும் வேண்டுமென்றால் மெதுவாக ஓடும் பழைய டீசல் கார்களைக் காட்டலாம். இரண்டும் ஒருங்கே அமைந்தது எது என்று கேட்டால், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடிக்கடி கேட்கப்படும் விடை கம்மின்ஸ் கம்பெனியாரின் பி வரிசையைச் சேர்ந்த, 5.9 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு ஸிலிண்டர் டீசல் இஞ்சின் என்பதாகும். இவ்விஞ்சின் பந்தயத்திற்காகவோ உல்லாசக் காருக்காகவோ பிறந்ததன்று என்பது விவசாயிகள் கவனிக்கத்தக்க விசேஷம். உழவு யந்திரத்தையும் அறுவடை யந்திரத்தையும் மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட இஞ்சின் அது.

இண்டியானா மாகாணத்துக் கொலம்பஸ் நகரில் 1919-ஆம் வருஷத்தில் தொடங்கிய கம்மின்ஸ் கம்பெனியார் நெடுங்காலம் பெரிய லாரிகளுக்கான கனத்த இஞ்சின்களையே செய்துவந்தனர். 1980-களின் முற்பகுதியில் ஜே. ஐ. கேஸ் என்னும் விவசாய யந்திரக் கம்பெனியாருடன் கூடி, வட கரோலினாவில் தொழிற்சாலை அமைத்து, நடுத்தர அளவுள்ள புதிய இஞ்சின்களைச் செய்யலாயினர். நான்கு ஸிலிண்டர் இஞ்சின் 3.9 லிட்டர், ஆறு ஸிலிண்டர் இஞ்சின் 5.9 லிட்டர். கேஸ் டிராக்டர்களிலும் பிற பண்ணை யந்திரங்களிலும் உழைத்த பின்னர், 1989-ஆம் வருஷத்து மாதிரியாக வந்த டாட்ஜ் ராம் என்ற பிக்கப் லாரியில் ஆறு ஸிலிண்டர் இஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் பிறகே அது குடியானவர்களோடு வண்டிப் பிரியர்களின் கையிலும் புகுந்து பெரும் பெயர் பெற்றது. இந்தியாவிலும் 1993-இல் டாட்டா கம்பெனியாரும் கம்மின்ஸ் கம்பெனியாரும் சேர்ந்து கூட்டு ஸ்தாபனம் தொடங்கி, ஜம்ஷெட்பூரில் இவ்வரிசை இஞ்சின்களை லாரிகளுக்காகச் செய்யத் தலைப்பட்டனர். ஆகவே நம் நெடுஞ்சாலைகளில் நெல்லும் கரும்பும் ஏற்றிச் சென்ற லாரிகள் பலவற்றில் இக்குடும்பத்து இஞ்சினே உழைத்தது.

இஞ்சினின் அமைப்பு

1989-இல் பிக்கப் லாரியில் வந்தபோது இவ்விஞ்சினின் திறன் 160 குதிரைசக்தியே. ஸிலிண்டரின் விட்டம் 102 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 120 மில்லிமீட்டர். முழுத்திறன் நிமிஷத்திற்கு 2,500 சுற்றில் கிடைக்கும். முறுக்கு விசையோ 1,700 சுற்றை ஒட்டியே 400 பவுண்டு-அடி என்ற உச்சத்தை அடைந்துவிடும். முறுக்கு விசை என்பது சக்கரத்தைத் திருப்பும் பலம். கலப்பை கெட்டி நிலத்தில் ஆழமாக இறங்கி இஞ்சினின் சுற்றுக் குறையும்போது, பலம் குறையாமல் மேலும் ஏறிக்கொண்டு வந்தால்தான் டிராக்டர் நிற்காமல் இழுக்கும். பண்ணை வேலைக்கு வேண்டிய இந்தக் குணமே, பின்னர் மாட்டு வண்டிகளையும் குதிரை வண்டிகளையும் பின்னால் கட்டி மலை ஏறிய அமெரிக்கப் பண்ணையாளருக்கும் பயன்பட்டது. இங்கே மாட்டு வண்டி என்றது மாடு இழுக்கும் வண்டியையன்று. பத்துப் பதினைந்து மாடுகளை ஏற்றிச் செல்லும் இழுவை வண்டியை.

அதன் உறுப்புக்கள் மிகச் சில. வால்வுகளை இயக்கும் காம்ஷாப்ட் இஞ்சினின் உடலிலேயே உள்ளது. அதைத் திருப்புவது ரப்பர் வாரும் அன்று, சங்கிலியும் அன்று, பற்சக்கரங்களே. வார் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதும் விபத்துக்கு ஆகையால் இடமில்லை. ஆறு ஸிலிண்டர்களும் ஒரே வரிசையில் நிற்பதால் அசைவு ஒன்றையொன்று சமன் செய்கிறது. கிராங்க்ஷாப்டை ஏழு பேரிங்குகள் தாங்குகின்றன. டீசல் எண்ணெய் பிஸ்டனின் தலைக்குழியிலேயே நேராகப் பீச்சப்படுகிறது. பிஸ்டனின் அடிப்பக்கத்தில் மசகெண்ணெய் பீச்சி அதன் சூட்டைத் தணிக்கவும் வழி செய்யப்பட்டுள்ளது. இவ்வளவையும் கெட்டியான வார்ப்பிரும்பு உடல் தாங்குவதால் இஞ்சினின் எடை ஏறத்தாழ அரை டன்னாகிறது. பிக்கப் லாரிக்கு இது மிகுதியான எடையே. முன்பக்கத்து வில்களும் முட்டுக்களும் விரைவில் தேய்வதை உடையவர்கள் குறையாகச் சொல்வதுண்டு. ஆயினும் அந்த எடையிலேதான் ஆயுள் இருக்கிறது.

எவ்வாறெனில், 5.9 லிட்டருக்கு 160 குதிரைசக்தி என்றால் லிட்டருக்கு 27 குதிரைசக்தியே வாங்கப்படுகிறது. பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால், 2,500 சுற்றில் அது விநாடிக்கு 10 மீட்டர். 1,700 சுற்றில் 7 மீட்டருக்கும் குறைவு. 86 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும் பெட்ரோல் கார் ஒன்றின் பிஸ்டனோ 6,000 சுற்றில் விநாடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. தேய்மானம் வேகத்தையும் சூட்டையும் அழுத்தத்தையும் பின்தொடர்ந்து செல்வது. நான்கு மாடு இழுக்கும் பாரத்தை எட்டு மாடு பூட்டி இழுத்தால் எந்த மாட்டுக்கும் தோள் புண்ணாகாதது போல, இவ்விஞ்சினின் உறுப்பு ஒவ்வொன்றும் தன்னால் இயன்றதில் ஒரு பகுதியையே செய்கிறது.

ஜெர்மனி தரும் சாட்சி

இந்த உண்மைக்கு வேறொரு நாட்டிலிருந்தும் சாட்சி கிடைக்கிறது. மெர்ஸிடிஸ் பென்ஸ் கம்பெனியார் 1974-இல் வெளியிட்ட 3 லிட்டர், ஐந்து ஸிலிண்டர் டீசல் இஞ்சின் நெடுநாள் உழைப்பதில் உலகப் புகழ் பெற்றது. அதன் திறன் 80 குதிரைசக்தி. அதாவது, லிட்டருக்கு அங்கும் 27-க்குள்ளேதான். வேறு வேறு நாட்டவர், வேறு வேறு வேலைக்காகச் செய்த இரண்டு இஞ்சின்கள் ஒரே கணக்கில் வந்து நிற்பது வியப்பாகத் தோன்றலாம். அக்காலத்து டீசல் இஞ்சின் சிரமமின்றித் தரக்கூடியது ஏறத்தாழ அவ்வளவே என்று கொள்ளலாம்.

சிரமப்படுத்தினால் எவ்வளவு தரும் என்பதையும் அக்கம்பெனியாரே காட்டினர். அதே ஐந்து ஸிலிண்டர் இஞ்சினுக்கு டர்போ சார்ஜர் பொருத்தி, 190 குதிரைசக்தி வரை உயர்த்தி, ஸி-111 என்ற சோதனைக் காரில் வைத்து, 1976-இல் இத்தாலி நாட்டு நார்தோ வட்டப் பாதையில் 60 மணி நேரம் ஓட்டினர். சராசரி வேகம் மணிக்கு 252 கிலோமீட்டர். உலகச் சாதனைகள் பல அங்கே நிறுவப்பட்டன. இதைக் கொண்டு, விற்பனைக் காரிலும் 190 குதிரைசக்தி வைத்திருக்கலாமே என்று நினைப்பது பிழை. அறுபது மணி நேரம் தாங்குவது வேறு; டாக்ஸி ஓட்டுபவர் கையில் இருபது வருஷம் தாங்குவது வேறு. டர்போ பொருத்தி 1978-இல் விற்பனைக்கு விட்ட இஞ்சினுக்கும் கம்பெனியார் 115-ஐ ஒட்டியே திறன் வைத்தனர். அதற்கும்கூட எக்ஸாஸ்ட் வால்வின் தண்டில் சோடியம் நிரப்பிச் சூட்டைக் கடத்தவும், பிஸ்டனுக்கு எண்ணெய் பீச்சவும் ஏற்பாடு செய்தார்கள்.

மைல் கணக்கைப் பற்றிச் சில வார்த்தைகள்

ஆயுளைப் பற்றிய பெருமைப் பேச்சுக்களைச் சற்று நிதானித்தே கேட்க வேண்டும். கிரீஸ் நாட்டில் தெஸ்ஸலோனிக்கி நகரத்து டாக்ஸிக்காரர் ஒருவரின் மெர்ஸிடிஸ் 240டி கார் 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி, 2004-இல் கம்பெனியாரின் காட்சிசாலைக்கு அளிக்கப்பட்டது. இது உண்மை, ஆனால் அவ்வளவு தூரமும் ஒரே இஞ்சினால் ஓடப்படவில்லை. இஞ்சின்களை மாற்றி மாற்றிப் பொருத்தியே அவர் ஓட்டினார். காரின் ஆயுளை இஞ்சினின் ஆயுளாகச் சொல்வது வழக்கமான தவறு.

இதற்கு மாறாக, நியூயார்க்கு மாகாணத்துப் பள்ளி ஆசிரியரான இர்வ் கார்டன் என்பவர் 1966-இல் வாங்கிய வால்வோ பி-1800 காரின் கதை ஆராயத்தக்கது. அது 1.8 லிட்டர் பெட்ரோல் இஞ்சின். பேரளவு வலிமை ஒன்றும் அதற்கு இல்லை. ஆயினும் அவர் அதே காரை 2013-இல் 30 லட்சம் மைல் வரை ஓட்டி முடித்தார். ஏறத்தாழ 6,80,000 மைல் ஓடிய பின்னரே இஞ்சின் முதன்முறையாகப் பிரித்துப் புதுப்பிக்கப்பட்டது. நாள்தோறும் நெடுந்தூரம் ஒரே சீராக ஓட்டியதும், கைப்புத்தகத்தில் கண்டபடி எண்ணெயைத் தவறாமல் மாற்றியதுமே அவர் கையாண்ட வழி. குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பி நான்கு பர்லாங்கு ஓட்டி நிறுத்துவதால் உண்டாகும் தேய்மானம் அவர் வண்டிக்கு மிகக் குறைவு.

கம்மின்ஸ் இஞ்சின் ஐந்து லட்சம் மைல் ஓடியது என்று பிக்கப் லாரிக்காரர் சொல்வதிலும் இதே நுட்பம் உண்டு. சமமான சாலையில் வெறும் லாரியை ஓட்ட 160 குதிரைசக்தியில் மூன்றில் ஒரு பங்கே போதும். அறுவடை யந்திரத்தில் உள்ள அதே இஞ்சினோ, தூசிப் புகையின் நடுவே, காலை முதல் இருட்டும் வரை முழுப் பாரத்தில் உழைக்கிறது. ஆகையால் பண்ணை யந்திரத்தின் வயதை மைலால் அளப்பதில்லை, மணியால் அளக்கிறார்கள். ஒரு மணி உழைப்பும் மற்றொரு மணி உழைப்பும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பம்பைத் திருகி விடுதல்

இவ்விஞ்சினில் இவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்று அறிந்த வண்டிப் பிரியர்கள் சும்மா இருக்கவில்லை. 1994 முதல் 1998 வரை வந்த இஞ்சின்களில், பீச்சும் எண்ணெயின் அளவுக்கு எல்லை கட்டுவது பாஷ் கம்பெனியார் செய்த பம்பினுள் இருக்கும் சிறிய தகடு ஒன்றே. அதை அராவி விட்டாலோ கழற்றி விட்டாலோ எண்ணெய் மிகுதியாகப் பாயும். கவர்னரின் வில்லை மாற்றினால் சுற்றும் ஏறும். சில மணி நேர வேலையில், மிகக் குறைந்த செலவில், வண்டியின் வேகம் மிகுந்துவிடும். டிராக்டர் இழுவைப் போட்டிகளில் இதே குடும்பத்து இஞ்சின்கள் 1,000 குதிரைசக்திக்கு மேலும் தருகின்றன.

போட்டிக்காரர் அதற்குக் கொடுக்கும் விலையைப் பலர் விசாரிப்பதில்லை. உடல் வெடிக்காதிருக்க, நீரோடும் அறைகளில் காரை போன்ற பொருளை ஊற்றிக் கெட்டிப்படுத்துகிறார்கள். தலையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குப் பதிலாக அதிக உரமுள்ளவற்றைப் பொருத்துகிறார்கள். போட்டி நடப்பது சில விநாடிகள். அதன்பின் இஞ்சின் ஓய்கிறது. ஒரு பருவத்தில் இரண்டு மூன்று முறை பிரித்துப் பார்ப்பதை அவர்கள் செலவாகக் கருதுவதில்லை. ஐப்பசி மழைக்கு முன் நிலத்தை உழுது முடிக்க வேண்டிய குடியானவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

அளவோடு ஏற்றினாலும் சிரமம் எங்கே முதலில் தோன்றும் என்பது இவ்விஞ்சினின் வரலாற்றிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இஞ்சின் உடைவதற்கு முன்பே கிளட்சும் கியர்ப் பெட்டியும் உடைந்தன. 1994-இல் கம்பெனியாரே கையால் கியர் மாற்றும் வண்டிக்கு 175 குதிரைசக்தியும், தானாகக் கியர் மாறும் வண்டிக்கு 160-ம் வைத்து விற்றனர். இஞ்சினால் தர முடியாமை காரணமன்று. பெட்டியால் தாங்க முடியாமையே காரணம். பம்பைத் திருகச் சொல்லும் மெக்கானிக்கு, கியர்ப் பெட்டியின் பலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறாரா என்று கவனிப்பது நல்லது.

அடுத்தது சூடு. மிகுதியாகப் பாய்ந்த டீசல் எண்ணெய்க்குப் போதிய காற்று இல்லாவிட்டால் கரும்புகை வரும். கரும்புகையைப் பலத்தின் அடையாளமாகக் கருதுவோர் உண்டு; அது எரியாமல் வீணாகும் எண்ணெயே. பாரத்தோடு மேடு ஏறும்போது வெளிப்புகையின் சூடு 700 டிகிரி சென்டிகிரேடை எட்டினால் அறிந்தவர்கள் காலைத் தளர்த்தி விடுவார்கள். பிஸ்டன் செய்யப்பட்டிருக்கும் அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகுவது. அடியில் பீச்சும் மசகெண்ணெய் இருப்பதனாலேதான் பிஸ்டன் அச்சூட்டுக்கு நடுவே பிழைக்கிறது. அவ்வெண்ணெய் கெட்டுப் போயிருந்தாலோ குறைந்திருந்தாலோ பிழைப்பதில்லை. சுற்றை 3,000-க்கு மேல் விட்டால் வால்வு வில்கள் வால்வைப் பின்தொடர்ந்து மூட முடியாமல் திணறும். அதற்கும் கனத்த வில்கள் வேண்டும். ஒன்றைத் திருகப் போய் ஐந்தை மாற்றும்படி ஆகிறது.

வலிய இஞ்சினின் சிறிய குற்றங்கள்

அரை டன் எடையுள்ள இவ்விஞ்சினைக் கொன்றது பெரும்பாலும் பெரிய உறுப்பன்று. முன்பக்கத்துப் பற்சக்கரப் பெட்டியை இஞ்சின் உடலோடு சரியாகப் பொருத்தி நிறுத்த, விரல் நுனியளவு எஃகு முளை ஒன்று உண்டு. வருஷக்கணக்கான அதிர்ச்சியில் அது சிறிது சிறிதாக வெளியே நகர்ந்து, ஒரு நாள் பற்சக்கரங்களின் நடுவே விழுந்துவிடும். பெட்டி பிளக்கலாம், பற்கள் நொறுங்கலாம், வால்வுகளின் காலம் தவறி இஞ்சின் முழுவதும் சிதையலாம். கொலைகார முளை என்றே வண்டிக்காரர் அதற்குப் பெயரிட்டனர். இதற்கு மாற்று மிக எளிது. முன்மூடியைக் கழற்றி, முளையை உள்ளே அடித்து, அது வெளிவராதபடி சிறிய தகடு ஒன்றைப் பக்கத்துப் போல்ட்டில் முடுக்கிவிட்டால் போதும். தகட்டின் விலை அற்பம். அதை அறியாமல் இழந்த இஞ்சின்களின் விலை பெரிது.

1998-ஆம் வருஷத்து நடுவில் ஸிலிண்டருக்கு நான்காக 24 வால்வுகள் வைத்த புதிய மாதிரி வந்தது. திறன் ஏறிற்று; மின்சாரக் கட்டுப்பாடுள்ள புதிய பம்பும் வந்தது. பழைய பம்பின் அடிப்பகுதி இஞ்சினின் மசகெண்ணெயிலேயே ஓடியது. புதிய பம்போ தன்னுள் பாயும் டீசல் எண்ணெயையே குளிர்ச்சிக்கும் மசகுக்கும் நம்பியிருந்தது. டாங்கியிலிருந்து எண்ணெயை ஏற்றித் தரும் சிறு பம்பு தளர்ந்தாலோ, வடிகட்டி அடைபட்டாலோ, விலையுயர்ந்த பெரிய பம்பு வறண்டு கெட்டது. இவ்வாறு கெட்டவை ஏராளம். அறிந்தவர்கள் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் மானி ஒன்றைப் பொருத்திக்கொண்டு, அது குறையத் தொடங்கியவுடனே வடிகட்டியை மாற்றினர். பீப்பாயில் வாங்கி வைத்த டீசலை அடிவண்டலோடு டாங்கியில் ஊற்றும் வழக்கம் எந்த இஞ்சினுக்கும் ஆகாது. இவ்வகைப் பம்புக்குச் சிறிதும் ஆகாது.

பராமரிப்பும் பழைய இஞ்சின் வாங்குதலும்

12 வால்வு இஞ்சினில் அவ்வப்போது செய்யவேண்டிய வேலை அதிகமில்லை. வால்வு இடைவெளியை 24,000 மைலுக்கு ஒரு முறை, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். உள்வால்வுக்கு 0.25 மில்லிமீட்டர், வெளிவால்வுக்கு 0.5 மில்லிமீட்டர். இடைவெளி குறைந்தால் வால்வு சரியாக அமராமல் எரிந்து போகும். காற்று வடிகட்டியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் மிகையாகாது. வடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையேயுள்ள ரப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால், களத்து மேட்டுத் தூசி நேரே ஸிலிண்டருக்குள் சென்று வளையங்களையும் சுவரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல் தேய்த்துவிடும். இலட்சம் மைல் ஓடவேண்டிய இஞ்சின் ஒரே பருவத்தில் ஓய்வதற்கு இது போதும். முழுப்பாரத்தில் உழைத்த டர்போ இஞ்சினை உடனே நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாக ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் டர்போவின் பேரிங்கில் நின்றுபோன எண்ணெய் சூட்டில் கருகிக் கரியாகும்.

பழைய இஞ்சினை வாங்குவோர், விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைக்காத நேரத்தில் சென்று, குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பார்க்க வேண்டும். முதலில் வரும் வெண்புகை சில நிமிஷத்தில் தெளிந்தால் குற்றமில்லை. நீலப் புகை நின்றால் மசகெண்ணெய் எரிகிறது. இஞ்சின் சூடான பின், எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அவ்வாயின் மேல் தலைகீழாக வைத்தால், அது லேசாக அசைவது இயல்பு. துள்ளித் தெறித்து விழுந்தால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, எண்ணெயில் பால் போன்ற வெண்மை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பம்பின் முத்திரை உடைந்திருந்தால் அது திருகப்பட்ட இஞ்சின் என்று கொண்டு, கிளட்சையும் கியர்ப் பெட்டியையும் இன்னும் கூர்ந்து சோதிக்க வேண்டும். முளைக்குத் தகடு வைத்தாயிற்றா என்று கேட்டு, வைத்தவர் யார் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 24 வால்வு இஞ்சினாயின் இன்னும் ஒன்று உண்டு. 1999 முதல் 2001 வரை வந்தவற்றுள் ஒரு பகுதியில், உடலின் பக்கவாட்டில் 53 என்ற எண் வார்ப்பிலேயே புடைத்திருக்கும். அவ்வார்ப்பில் நீரறையின் சுவர் மெல்லியதாக அமைந்துவிட்டதால் பல உடல்கள் வெளிப்பக்கம் விரிந்து நீர் கசிந்தன. அந்த எண்ணைக் கண்டால், இஞ்சினைப் பாரத்தோடு ஓட்டி, நன்றாகச் சூடேறிய பின் அவ்விடத்தை விளக்கு வைத்துப் பார்த்து, அதன் பிறகே விலை பேசுவர்.